டீப் லேர்னிங் வந்த பிறகும் கேமரா கேலிப்ரேஷன், கால்மன் ஃபில்டர் எல்லாம் படிக்க வேண்டுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். தானாக ஓடும் கார், ரோபோ எல்லாவற்றிலும் இப்போது நியூரல் நெட்வொர்க்தான் இருக்கிறது, யோலோவை (படத்தில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் இலவச நெட்வொர்க்) இறக்கி நாலு வரி எழுதினால் வேலை முடிகிறது, அப்புறம் எதற்கு கேலிப்ரேஷன் (கேமராவின் லென்ஸையும் நிலையையும் அளந்து வைப்பது), கால்மன் ஃபில்டர் (கணிப்பை அளவீட்டால் திருத்திக்கொண்டே போவது), எபிபோலார் ஜியாமெட்ரி (இரண்டு கேமராப் படங்களுக்கு இடையே உள்ள வடிவியல்) என்று நடத்தி உயிரை வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு ஈ.சி.ஈ. அல்லது மெகட்ரானிக்ஸ், அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு என்று நானாக யூகித்துக்கொள்கிறேன். தேர்வுக்காகத்தான் கேட்டீர்கள் என்றால் இந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை, சீனியர்களிடம் பழைய வினாத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போவதற்காக என்றால் மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து "பூமர்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். டீப் லேர்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் நிறுவுகிற ஒவ்வொரு வண்டியிலும் அது ஓடுகிறது. "அதெல்லாம் பழைய பாடம்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு.

ஒரகடம் பக்கம் கிடங்குகளில் ரோபோ நிறுவிக் கொடுக்கும் வேலை எனக்கு. பேலட்டை (சரக்கு அடுக்கும் தட்டு) சுமந்துகொண்டு ரேக்குகளுக்கு நடுவே தானாகப் போகிற வண்டிகள். கணுக்கால் உயரத்தில் ஒரு லேசர் ஸ்கேனர் இருக்கும். அது ஒரே மட்டத்தில்தான் பார்க்கும். ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஃபோர்க்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தபடி நின்றால், அந்த ஃபோர்க் இருப்பதே லேசருக்குத் தெரியாது. அதற்காகத்தான் மேலே ஓர் அலுமினியச் சட்டத்தில் இரண்டு கேமராக்கள். இரண்டு படத்திலும் ஒரே பொருள் எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும்.

ஒரு கிடங்கில் ஒரு வண்டி மட்டும் திடீர் திடீரென்று சடன் பிரேக் அடித்து நிற்க ஆரம்பித்தது. பேலட்டை நெருங்கும்போது கேமரா முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை. லேசரின் பாதுகாப்பு எல்லைக்குள் பேலட் வந்த பிறகுதான் வண்டி விழித்துக்கொள்ளும். அப்படி நின்றுவிட்டால் ஒரு ஆள் நடந்து வந்து ரீசெட் பட்டனை அமுக்கியாக வேண்டும். "இதுக்கு ட்ராலியே தேவலை சார்" என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மீட்டிங் போட்டார்கள். நம் டேட்டாவில் மரப் பேலட்தான் அதிகம், இங்கே நீல பிளாஸ்டிக் பேலட், மாடல் திணறுகிறது என்று, பேலட்டை அடையாளம் காணும் நெட்வொர்க்கைச் செய்கிற மாடல் குழு சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. புதிதாகப் படம் எடுத்து, லேபிள் போட வெளியே கொடுத்து, மறுபடி ட்ரெயின் செய்து கொண்டுவந்தார்கள். வண்டி அதே மாதிரிதான் நின்றது.

அதன் பிறகுதான் வண்டி பதிந்து வைத்த லாக் என் கைக்கு வந்தது. படத்தில் பேலட்டைச் சுற்றி மாடல் போடும் பெட்டி கச்சிதமாக விழுந்திருந்தது, பழைய மாடலிலும்கூட. தூரம்தான் கோளாறு. அந்த இடைவழியின் கோடியில் ஒரு சுவர் இருக்கிறது. கேமராக்கள் கணக்கிட்ட தூரத்தை, அதாவது டெப்த்தை, முப்பரிமாணத்தில் போட்டுப் பார்த்தால் அந்தச் சுவர் கட்டடத்தைத் தாண்டி, வெளியே லாரி நிறுத்தும் இடத்தில் நிற்கிறது. சுவர் நடந்து போகாது இல்லையா? டீ நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனிடம் போய், "இந்த வண்டியில எதாவது இடிச்சுதாண்ணே?" என்று கேட்டேன். "இடிக்கல சார், லேசா உரசுச்சு" என்றார்.

ஒரு கேமராவின் பிராக்கெட் பக்கவாட்டில் துளி திரும்பியிருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவு. இதன் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், நீங்கள் திட்டுகிற பாடத்தில் இரண்டாவது வாரம் வருவதுதான். இரண்டு கேமராவுக்கும் நடுவே 12 செ.மீ., ஃபோகல் லென்த் (லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் என்பதன் அளவு) 700 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், 5 மீட்டரில் இருக்கும் பொருள் இரண்டு படங்களுக்கும் இடையே 16.8 பிக்சல் தள்ளித் தெரிய வேண்டும். ஒரு கேமரா அரை டிகிரி உள்பக்கம் திரும்பினால் இதில் சுமார் 6 பிக்சல் காணாமல் போய்விடும். 5 மீட்டரில் இருக்கும் பேலட்டை ஏறக்குறைய 8 மீட்டரில் இருப்பதாக வண்டி நம்பும். 10 மீட்டரில் இருப்பது 36 மீட்டருக்கு மேல் போய்விடும். சுவர் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றது இப்படித்தான்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கேமரா மேலே கீழே சாய்ந்திருந்தால் இரண்டு படங்களின் வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் டெப்த் படம் ஓட்டை ஓட்டையாகிவிடும், யார் பார்த்தாலும் தெரியும். பக்கவாட்டில் திரும்பியதால் வரிசை கெடவில்லை, படம் வழவழவென்று அழகாக வந்தது. முழுப் பொய், ஆனால் அழகு. எந்த நெட்வொர்க்கை எத்தனை முறை ட்ரெயின் செய்தாலும் இது சரியாகாது. பிராக்கெட்டை மாற்றி, செஸ்போர்டு அட்டையைப் பல கோணங்களில் காட்டி மறுபடி கேலிப்ரேட் செய்தேன். ஜெங்யூ ஜாங் 2000-ல் வெளியிட்ட முறை அது, இன்றும் அதைத்தான் எல்லோரும் செய்கிறோம். அன்று சாயங்காலமே வண்டி ஒழுங்காக ஓடியது.

மாத இறுதி ரிவ்யூவில் என்ன காட்டினார்கள் தெரியுமா? "மாடல் அப்டேட் மூலம் நின்றுபோகும் பிரச்சினை தீர்க்கப்பட்டது." புதிய மாடலும் பிராக்கெட்டும் ஒரே வாரத்தில் போனதால் அப்படியே எழுதிவிட்டார்கள். நான் எழுந்து சொன்னேன். "சரி சரி, டீம் எஃபர்ட்" என்றார் மேலாளர்.

       

கால்மன் ஃபில்டர் எதற்கு என்று கேட்டீர்கள். எர்ன்ஸ்ட் டிக்மான்ஸ் என்ற பெயரை உங்கள் வகுப்பில் யாராவது சொன்னார்களா? மியூனிக்கில் உள்ள ஜெர்மன் ராணுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1987-ல் இவருடைய குழு ஒரு மெர்சிடிஸ் வேனில் கேமராவையும் கணினிகளையும் ஏற்றி, வேறு வண்டிகள் இல்லாத ஆட்டோபானில் (ஜெர்மன் விரைவுச்சாலை) மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் தானாக ஓடவைத்தது. அந்தக் காலத்துக் கணினியால் ஒரு முழுப் படத்தை அலசி முடிப்பதற்குள் வண்டி எங்கேயோ போயிருக்கும். அதனால் அவர் முழுப் படத்தையும் பார்க்கவே இல்லை. வண்டி எப்படி நகரும், சாலை எப்படி வளையும் என்பதற்குக் கணித மாதிரி வைத்து, அடுத்த படத்தில் சாலையின் ஓரம் எங்கே தெரியும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தச் சின்னச் சின்ன இடங்களை மட்டும் பார்த்தார். கணிப்புக்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்தால் மாதிரியைத் திருத்திக்கொண்டே போவார். கால்மன் ஃபில்டர் செய்வது அதுதான். 1995-ல் இந்தக் குழுவின் கார் மியூனிக்கிலிருந்து டென்மார்க்கில் உள்ள ஓடென்ஸவுக்கு நிஜப் போக்குவரத்துக்கு நடுவே பெரும்பகுதி தானாகவே ஓடியது, சில இடங்களில் மணிக்கு 175 கி.மீ. வரை.

"அப்போது நியூரல் நெட்வொர்க் இல்லை, வேறு வழியில்லாமல் செய்தார்" என்று யாராவது சொல்வார்கள். இருந்தது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ 1989-லேயே ஆல்வின் என்று ஒரு நெட்வொர்க்கைச் செய்தார், 30-க்கு 32 பிக்சல் படத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும். அதே பொமர்லோ 1995-ல் டாட் யோகெமுடன் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோவரை போனபோது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டது ஆல்வின் இல்லை. ரால்ஃப் என்ற இன்னொரு நிரல், சாலைப் படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல நிமிர்த்தி, வளைவை அளந்து ஓட்டும். நூற்றுக்கு 98 பங்கு தூரம் அதுதான் ஸ்டியரிங்கைத் திருப்பியது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மனிதர்கள் காலில். ஆல்வினைச் செய்தவரே தேவைக்குத் தகுந்த கருவியை எடுத்துக்கொண்டார், நமக்கு மட்டும் என்ன கட்சி?

ஒரு பொருள் இதுவரை எப்படி நகர்ந்து வந்தது என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வருத்தமான உதாரணம். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது, அவர் இறந்துபோனார். மோதலுக்கு 5.6 நொடிக்கு முன்பே ரேடாரும், அடுத்த அரை நொடிக்குள் லைடாரும் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) அவரைப் பார்த்துவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது, மாறி மாறி. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் அதுவரை அவர் நகர்ந்த வரலாற்றைக் கணிப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டது. எந்தப் பக்கம் போகிறார் என்பதே அதற்குத் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் சாலையைப் பார்க்கவில்லை என்பதை விசாரணை முக்கியக் காரணமாகச் சொன்னது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும், நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு என்ன பெயர் என்று தெரியாவிட்டாலும் அது எங்கே போகிறது என்று சொல்ல முடியும். அதைச் சொல்லித் தருவது நீங்கள் வேண்டாம் என்கிற பாடம்.

ரோபோ என்றீர்களே, செவ்வாய்க்கே போகலாம். 2004-ல் அங்கே இறங்கிய நாசாவின் ரோவர்கள் ஸ்பிரிட்டும் ஆப்பர்சூனிட்டியும் மணல் சரிவுகளில் சறுக்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் வண்டி முன்னேறிவிட்டது என்று வரும், உண்மையில் நின்ற இடத்திலேயே மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும். தரையில் உள்ள கற்களையும் புள்ளிகளையும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தொடர்ந்து பார்த்து, நிஜமாக எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிட்டுத்தான் அவை தப்பித்தன. விஷுவல் ஓடோமெட்ரி என்பது இதுதான். செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரும் கீழே பார்க்கும் கேமராவால் இதையே செய்தது. 2024 ஜனவரியில் 72-ஆவது பறத்தலில், பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லாத மணல் மேடுகளின் மேல் போனபோது தடுமாறி இறங்கி, இறக்கை உடைந்தது. எங்கள் கிடங்குகளிலும் புதிதாக எபாக்ஸி பூசிய தரையில் வண்டி இதே காரணத்தால்தான் தடுமாறும். எங்களால் தரையில் ஸ்டிக்கர் ஒட்ட முடிகிறது.

நிலாவில் ஓடிய நம் சந்திரயான்-3 ரோவர் பிரக்யானையும் விடக்கூடாது. 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றை 3 மீட்டர் முன்னாலேயே பார்த்துத் திரும்பி வேறு வழியில் போனது. அதிலும் இரண்டு நேவிகேஷன் கேமராக்கள். அந்தப் படங்களிலிருந்து நிலத்தின் மேடுபள்ளத்தைத் தரைக்கட்டுப்பாட்டில் கணித்துத்தான் அதற்கு வழி சொன்னார்கள். நிலாவுக்கு அனுப்பும் முன் கேலிப்ரேஷன் செய்திருப்பார்களா மாட்டார்களா, நீங்களே சொல்லுங்கள்.

இனி மறுபக்கம். ஷேர் ஆட்டோவிலிருந்து வெளியே தொங்கும் கால், லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, ரோட்டில் படுத்திருக்கும் மாடு, இதையெல்லாம் எந்த ஜியாமெட்ரியாலும் இன்னது என்று சொல்ல முடியாது. அதற்குக் கற்றுக்கொள்ளும் மாடல்தான் வேண்டும், அதுவும் நம் ஊர்ப் படங்களில் கற்ற மாடல். சிட்டிஸ்கேப்ஸ் என்ற புகழ்பெற்ற தொகுப்பு ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் 50 நகரங்களில் எடுத்தது, அங்கே ஆட்டோ ஏது? ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யினர் ஐதராபாத், பெங்களூரு சாலைகளிலும் சுற்றுப்புறங்களிலும் எடுத்து, 10,000 படங்களுக்கு 34 வகையாக லேபிள் போட்டு ஒரு தொகுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோவுக்கு அதில் தனி வகையே உண்டு, சாலை முடிந்து மண் தொடங்கும் அந்தக் குழப்பமான ஓரத்துக்கும் உண்டு. அதை இறக்கி விளையாடிப் பாருங்கள்.

ஆக, இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். உடனே தொடங்க வேண்டுமானால் ஒரே மாதிரி இரண்டு வெப்கேம் வாங்கி ஒரு கட்டையில் அசையாமல் திருகுங்கள். கேலிப்ரேஷனுக்கான நிரல்கள் உள்ள ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பு இலவசம். செஸ்போர்டை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்தால் கண்ணாடியிலோ தட்டையான பலகையிலோ ஒட்டுங்கள், தாள் வளைந்தால் கணக்கும் வளையும். ஒட்டிய பிறகு கட்டத்தின் பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்து, வந்த அளவையே நிரலில் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குத் தகுந்தாற்போல் சுருக்கித்தான் பிரின்ட் போட்டுத் தருவார்கள், நீங்கள் 25 மி.மீ. என்று நினைத்தது 24 ஆக இருக்கும்.