ஆர்எஸ்யூ வரி: வெஸ்ட் ஆகும்போதும் விற்கும்போதும் (கேள்வி பதில்)

அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பங்குகளை ஆர்எஸ்யூவாகப் பெறும் ஐடி ஊழியர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஆர்எஸ்யூ என்பது குறித்த காலம் வேலை செய்த பிறகு ஊழியருக்குக் காசு வாங்காமல் தரும் கம்பெனிப் பங்கு; அது அவருடையதாக ஆவதைத்தான் வெஸ்ட் ஆவது என்கிறார்கள். பதில்கள் எல்லாம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு, 2025-26 நிதியாண்டுக் கணக்குக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி சொன்னவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறாக இருக்கும்.

கேள்வி: சார், எனக்கு 100 பங்கு வெஸ்ட் ஆனது. புரோக்கர் கணக்கில் 68தான் இருக்கிறது. மீதி 32 எங்கே போனது?

உங்கள் வரிக்குத்தான் போயிருக்கிறது. பங்கு வெஸ்ட் ஆகி உங்கள் பெயருக்கு வரும் நாளில் அதன் சந்தை மதிப்பு முழுவதும் சம்பளத்தோடு சேரும். 17(2)(vi) பிரிவில் இதற்குப் பெர்க்விசிட் (சம்பளத்தோடு கிடைக்கும் சலுகை) என்று பெயர். சம்பளத்துக்குப் பிடிப்பது போலவே இதற்கும் கம்பெனி 192ஆம் பிரிவில் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். கையில் காசு வராத வருமானம் என்பதால் பங்கில் ஒரு பகுதியை விற்று அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டுகிறார்கள்.

ஒரு பங்கு 100 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பங்கின் மதிப்பு 8,50,000 ரூபாய். நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் 4 சதவீத செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது 2,65,200 ரூபாய் வரி. அதற்காக 32 பங்கை விற்றிருக்கிறார்கள். மிச்சமாகும் சில்லறை உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வருமானம் 68 பங்கின் மதிப்பு அல்ல, 100 பங்கின் மதிப்பு. ஃபார்ம் 16-லும் அதோடு வரும் பெர்க்விசிட் பட்டியலான 12பிஏ-விலும் 8,50,000 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே பேரோலுக்கு (சம்பளப் பிரிவுக்கு) எழுதுங்கள்.

கேள்வி: வெஸ்ட் ஆன மாதம் என் சம்பளமும் பாதியாகிவிட்டது. பங்கையும் விற்றார்கள், சம்பளத்திலும் பிடித்தார்கள். இது சரியா?

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வெஸ்டிங்கால் உங்கள் வருட வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி) ஏறும். அது அந்தப் பங்குகளுக்கு மட்டுமல்லாமல் மொத்த வரிக்கும் ஏறுகிறது. பங்கு விற்ற பணம் போதாவிட்டால் மீதியைச் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். பேரோலிடம் வரிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: அந்த 68 பங்கை இப்போது விற்றால் மறுபடியும் வரி கட்ட வேண்டுமா? இரட்டை வரி இல்லையா அண்ணா?

முழு விலைக்கும் கட்டினால்தான் இரட்டை வரி. அப்படி யாரும் கட்டச் சொல்லவில்லை. வெஸ்ட் ஆன நாளில் எந்த மதிப்புக்குப் பெர்க்விசிட் கணக்கிட்டார்களோ, அதுவே உங்கள் வாங்கிய விலை என்று 49(2ஏஏ) பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் கிடைத்த லாபத்துக்கு மட்டும்தான் வரி.

பலருக்குப் பணம் வீணாவது இங்கேதான். சில புரோக்கர் அறிக்கைகளில் ஆர்எஸ்யூவின் அடக்க விலை பூஜ்யம் என்று இருக்கும், ஏனென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. அதை அப்படியே ரிட்டர்னில் போட்டால், சம்பளமாக வரி கட்டிய அதே தொகைக்கு மூலதன ஆதாயமாக இன்னொரு முறை கட்டுகிறீர்கள். பங்கு 70 டாலருக்கு இறங்கியபோது 68 பங்கையும் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ய விலையில் பார்த்தால் 4,04,600 ரூபாய் லாபம். உண்மையில் அது 1,73,400 ரூபாய் நஷ்டம்! ஒவ்வொரு வெஸ்டிங்குக்கும் புரோக்கர் தரும் உறுதிச்சீட்டைத் தேதி, விலை, டாலர் மதிப்போடு பத்திரமாக வையுங்கள். கம்பெனி மாறிய பிறகு பழைய போர்ட்டல் திறக்காது.

வெஸ்ட் ஆன நாளிலிருந்து 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீதம் வரி, இண்டெக்சேஷன் (விலைவாசிக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது. 24 மாதம் தாண்டும் முன்பே விற்றால் உங்கள் வரம்புப்படி வரி. நாஸ்டாக்கில் பட்டியலிட்ட பங்குதானே, 12 மாதம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்குக்கு 24 மாதம்தான். வரிக்காக விற்ற அந்த 32 பங்கும் ஒரு விற்பனையே. லாபமோ நஷ்டமோ சிறிதாக இருந்தாலும் அதையும் காட்டுங்கள்.

கேள்வி: அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

முடியாது. 100 டாலருக்கு வரி கட்டி 70 டாலருக்கு விற்றவரின் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டத்தில் வழியில்லை. மூலதன ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்கலாம். மீதியை 8 ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம், அதற்கு ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். வெஸ்ட் ஆன பங்கை வைத்திருப்பது, சம்பளப் பணத்தில் அந்தக் கம்பெனிப் பங்கை வாங்குவதற்குச் சமம். அந்தப் பணம் கையில் இருந்தால் அதே பங்கை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் விற்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: விற்றதற்கான வரியைக் கம்பெனி பிடிக்கவில்லையே?

பிடிக்காது. விற்பனை உங்கள் சொந்த விஷயம். அட்வான்ஸ் டாக்ஸாக நீங்களே கட்ட வேண்டும், தவறினால் 234பி, 234சி வட்டி வரும். டாலரை ரூபாயாக்க, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்பிஐ டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட்டை எடுங்கள்.

கேள்வி: 100 டாலர் டிவிடெண்டில் 75தான் வந்தது. எதைக் காட்டுவது?

100ஐக் காட்டுங்கள். 25ஐ அமெரிக்கா பிடித்துவிட்டது, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அதுதான் விகிதம். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று புரோக்கருக்குத் தந்த டபிள்யூ-8பென் படிவம் காலாவதியாகியிருந்தால் 30 பிடிப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இங்கே 31.2 வரி. வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு கேட்கும் ஃபார்ம் 67 போட்டு 25ஐக் கழித்தால் மேற்கொண்டு 6.2தான் கட்ட வேண்டும்.

கேள்வி: ஷெட்யூல் எஃப்ஏ என்று பயமுறுத்துகிறார்களே, நான் எதையும் விற்கவே இல்லை.

ஷெட்யூல் எஃப்ஏ என்பது ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் பகுதி. விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். அதனால் ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது, ஐடிஆர்-2 போடுங்கள். வெளிநாட்டுப் பங்குகளுக்கு அதில் ஏ3 அட்டவணை. அதில் ஆரம்ப மதிப்பு, அந்த ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, ஆண்டுக் கடைசி மதிப்பு எல்லாம் கேட்பார்கள்.

குழப்பம் வருவது தேதியில். மற்ற எல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, இது மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025-26 ரிட்டர்னில் 2025 டிசம்பர் 31 வரை வைத்திருந்ததைக் காட்டினால் போதும். 2026 பிப்ரவரியில் வெஸ்ட் ஆனது உங்கள் ஃபார்ம் 16-ல் இருக்கும், ஆனால் எஃப்ஏ-வில் அடுத்த ஆண்டுதான் வரும். அப்போது மறந்துவிடாமல் இப்போதே குறித்து வையுங்கள்.

காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் போகாத வெளிநாட்டுச் சொத்துக்கு அந்த அபராதம் இல்லை. அபராதம் இல்லை என்பதால் காட்டும் கடமை போய்விடாது. அமெரிக்கக் கணக்கு விவரங்கள், இரு நாடுகளும் நிதிக் கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபாட்கா ஒப்பந்தம் வழியாக நம் வருமான வரித்துறைக்கு வருகின்றன. ஒழுங்காக வரி கட்டிய ஒருவர் ஓர் அட்டவணையை நிரப்பாததற்கு நோட்டீஸ் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தயவுசெய்து நிரப்புங்கள்.

கேள்வி: என் கணவர் பெயரில் நிறைய பங்கு சேர்ந்துவிட்டது. அவருக்கு ஏதாவது ஆனால்?

இதை இன்னும் பலர் கேட்க வேண்டும் அம்மா. அமெரிக்கக் குடியுரிமையோ குடியிருப்போ இல்லாதவர் இறந்தால், அவரிடம் உள்ள அமெரிக்கப் பங்குகளில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு அங்கே எஸ்டேட் டாக்ஸ் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு வரி) உண்டு, அது 40 சதவீதம் வரை போகும். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் கிடையாது. பங்குகள் அந்த அளவை நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விற்று இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். புரோக்கர் கணக்கின் விவரமும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: வெஸ்ட் ஆகாத பங்கு இருக்கும்போது வேலையை விட்டால்?

அது போய்விடும், வரியும் இல்லை. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் அடுத்த வெஸ்டிங் தேதியைப் பாருங்கள்.