நியூசிலாந்துக்குப் போகும் செஞ்சட்டைப் பெண்கள்: ரக்பி கேள்வி-பதில்

2027 செப்டம்பரில் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அமைப்பின் முதல் பெண்கள் அணி நியூசிலாந்தில் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள், அதாவது அந்த நாட்டு அணியோடு மோதும் ஆட்டங்கள், ஆடப் போகிறது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: லயன்ஸ் எந்த நாட்டு அணி?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் சேர்ந்த அணி. மற்ற நாட்களில் ஒன்றையொன்று முட்டி மோதும் வீரர்கள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே உடையில் நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போவார்கள். வேல்ஸின் சிவப்பு சட்டையில், இங்கிலாந்தின் வெள்ளை கால்சட்டையில், ஸ்காட்லாந்தின் நீலமும் அயர்லாந்தின் பச்சையும் காலுறையில். ஆண்கள் 1888 முதல் போய் வருகிறார்கள். பெண்களுக்கு இதுவே முதல் பயணம். இவ்வளவு காலம் தள்ளியது நியாயமே இல்லை.

கேள்வி: அயர்லாந்து தனி நாடாயிற்றே, அது எப்படி இதில் சேர்ந்தது?

அயர்லாந்துத் தீவு அரசியலில் இரண்டாகப் பிரிந்தது. ரக்பி சங்கம் பிரியவில்லை. பிரிட்டனோடு இருக்கும் வடக்கின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவரும் தனி நாடான தெற்கின் டப்ளினில் பிறந்தவரும் இன்றும் ஒரே அயர்லாந்து அணிக்குத்தான் ஆடுகிறார்கள். அந்த அணியிலிருந்து லயன்ஸுக்கு வருகிறார்கள். பெயரில் ‘ஐரிஷ்’ தனியாக நிற்பதும் அதனால்தான்.

கேள்வி: இங்கிலாந்துதான் உலக சாம்பியன். பேசாமல் அந்த அணியையே அனுப்பிவிட்டால் என்ன?

பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் பட்டத்தை 2019 முதல் 2025 வரை இங்கிலாந்துப் பெண்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2025 உலகக் கோப்பை இறுதியில் கனடாவை 33-13 என்று வென்றார்கள். மற்ற மூன்று நாடுகளுக்கு வெகு முன்பே, 2019-இல், அங்கே வீராங்கனைகளுக்கு முழுநேரச் சம்பளம் வந்துவிட்டது. எனவே அணியில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் இருக்கும்.

ஆனாலும் முழு அணியும் அவர்களே என்பதை நான் ஏற்கமாட்டேன். 2024-இல் வான்கூவரில் அயர்லாந்து நியூசிலாந்தை 29-27 என்று சாய்த்தது. எரின் கிங் கடைசி நேரத்தில் டிரை போட்டார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார். அதன்பின் டானா ஓ'பிரையன் உதைத்த உதையில் வெற்றி வந்தது. அப்படிப்பட்டவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு லயன்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

என் கவலை லைன்-அவுட்டைப் பற்றியது. பந்து பக்கவாட்டு எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஹுக்கர் என்ற ஆட்டக்காரர் அதைத் திரும்ப உள்ளே எறிய வேண்டும். எறியும் முன் ஒரு சங்கேதக் குரல் வரும்: பந்து முன்னால் நிற்பவருக்கா, நடுவிலா, பின்னாலா என்று. அதே நொடியில் இருவர் ஒருத்தியைத் தூக்க, அவள் உச்சியில் இருக்கும்போது பந்து கைக்கு வந்துவிட வேண்டும். அரை நொடி பிசகினால் பந்து எதிரிக்கு. நான்கு நாடுகளுக்கும் சங்கேதம் வேறு, தூக்கும் நேரம் வேறு. இதைச் சில வாரங்களில் ஒன்றாக்க வேண்டும்.

வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்களுக்கே இது எவ்வளவு கடினம் என்பதை 2022-இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் பார்த்தோம். முப்பது ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த இங்கிலாந்து, ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டையால் ஒருவரை இழந்தும், உலகக் கோப்பை இறுதியைக் கடைசி நிமிடம் வரை இழுத்து வந்தது. நியூசிலாந்தின் கோட்டுக்குச் சில மீட்டர் தூரத்தில் இங்கிலாந்து எறியும் ஒரு லைன்-அவுட். அதை வென்றிருந்தால் கோப்பையே வந்திருக்கும். நியூசிலாந்தின் ஜோனா நான்-வூ எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டார். 34-31, கோப்பை நியூசிலாந்துக்கு.

ஆகவே பயிற்சியாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஹுக்கரையும் தாவுகிறவர்களையும் முதலில் முடிவு செய்து, அவர்களைக் கூடுமானவரை சேர்ந்து ஆடவிடுங்கள். நாட்டுக்கு இத்தனை பேர் என்ற கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நியூசிலாந்து 2025-இல் அரையிறுதியிலேயே தோற்றதே. எளிதாக வென்றுவிடலாமா?

முடியாது. பிளாக் ஃபெர்ன்ஸ் எனப்படும் நியூசிலாந்துப் பெண்கள் ஆறு முறை உலகக் கோப்பை வென்றவர்கள். சொந்த மண்ணில் இன்னும் கடினம். ஆண்கள் லயன்ஸ் கூட அங்கே ஒரே ஒரு தொடரைத்தான் வென்றிருக்கிறது, 1971-இல். 2017-இல் கடைசி டெஸ்ட் 15-15 என்று முடிய, தொடரும் சமனானது. ஆண்கள் அடுத்து அங்கே போவது 2029-இல்.

கேள்வி: லயன்ஸ் கொழும்பில் ஆடியது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1950-இல் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் முடித்துக்கொண்டு கப்பலில் ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, குதிரைப் பந்தய மைதானத்தில் சிலோன் அணியோடு மோதி 44-6 என்று வென்றார்கள். லயன்ஸ் இன்றைய சிவப்புச் சட்டையை முதலில் போட்டது அந்தப் பயணத்தில்தான். இப்போது விமானத்தில் பறந்து போய் வருவதால் வழியில் இறங்குவதற்கு இடமில்லாமல் போயிற்று. ரக்பியை இவ்வளவு நேசிக்கும் ஊருக்கு அது நட்டம்தான்.

கேள்வி: நம் ஊர் நேரப்படி எப்போது பார்க்கலாம்?

செப்டம்பரில், கடைசி ஞாயிறு வரை, நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.