பனிக்காட்டில் வீடு வாங்கும் முன்

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். கணவருக்கு மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஹோட்டனில் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே காட்டோரமாக ஒரு வீடு பார்த்தோம், விலையும் கம்மி. அங்கே பனி நிறைய விழுமாமே, கோட்டு, பூட்ஸ் தவிர என்ன வாங்கி வைக்க வேண்டும்? அந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்குமா?
– ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: கோட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வீட்டுக்குப் போகிற சாலை யாருடையது என்று விசாரியுங்கள். அங்கே சில கவுண்டி சாலைகளில் ‘சீசனல் ரோடு’ என்று பலகை இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனி தள்ளும் வண்டி அந்தப் பக்கம் வராது. தனியார் சாலை என்றால் நீங்களேதான் ஆள் பிடிக்க வேண்டும். விலை கம்மியானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், யார் கண்டது!

‘நிறைய விழுமாமே’ என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். ஹோட்டன் இருப்பது சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில். வடமேற்கிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று, உறையாத ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மேட்டில் கொட்டுகிறது. ஒரு பருவத்துக்கு 200 அங்குலம் என்பது அங்கே பெரிய செய்தியே இல்லை. 1978-79இல் விழுந்தது 390.4 அங்குலம், கிட்டத்தட்ட பத்து மீட்டர். அதைக் காட்டவே நெடுஞ்சாலையோரம் ஒரு நெட்டை அளவுகோலை நட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கரண்ட். ஊருக்கு வெளியே என்றால் பெரும்பாலும் போர் தண்ணீர், வீட்டைச் சூடாக்க புரொப்பேன் கேஸில் ஓடும் ஃபர்னஸ். தொட்டி நிறைய கேஸ் இருந்தாலும், கரண்ட் போனால் ஃபர்னஸின் காற்றாடியும் சுற்றாது, போர் மோட்டாரும் ஓடாது. வீடு ஆறிப்போய், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறைந்து வெடித்தால் செலவு எங்கேயோ போய்விடும். அதனால் விறகு அடுப்பு உள்ள வீடாகப் பாருங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டருக்குப் பணம் ஒதுக்குங்கள். அதைக் கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் ஓட்டவே கூடாது. விறகும் குறைந்தது ஒரு கோடை முழுக்கக் காய வேண்டும், பச்சை விறகு புகையத்தான் செய்யும்.

வீட்டை மறுபடி பார்க்கப் போனால் பக்கச் சுவரில் வெள்ளை பிவிசி குழாய் ஒன்று எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். புது மாதிரி ஃபர்னஸ்கள் பலவற்றுக்கு அதுதான் புகைபோக்கி. கூரையிலிருந்து சரிகிற பனி அதை அடைத்துக்கொண்டால் ஃபர்னஸ் நின்றுபோகும், அல்லது கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. படுக்கையறைப் பக்கம் அலாரம் மாட்டுங்கள், பெரிய பனி விழும்போதெல்லாம் குழாய் வாயைச் சுற்றி அள்ளிவிடுங்கள். புரொப்பேன் தொட்டிக்கும் வழி விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் லாரிக்காரர் நிரப்பாமலே போய்விடுவார்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருக்கிறதே என்று டெக்சஸ் டயரோடு போய்விடாதீர்கள். அது வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடும். பனிக்கால டயர் நாலும் போடுங்கள்.

பனி அள்ள, கைப்பிடி வைத்த அகலமான ‘ஸ்கூப்’ வாங்குங்கள். தூக்கிப் போடாமல் சறுக்கிக்கொண்டு போய்க் கொட்டலாம், இடுப்பு தப்பிக்கும். பனி வண்டி போனதும் உங்கள் வாசல் முனையில் கல்லாக இறுகிய வரப்பு ஒன்று கிடக்கும். கோபத்தில் அதைச் சாலையிலேயே திருப்பித் தள்ளாதீர்கள், மிச்சிகனில் அது சட்டவிரோதம்.

இட்லி மாவா? தாராளமாகப் புளிக்கும். ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். எல்இடி விளக்காக இருந்தால் வேலைக்கு ஆகாது. ‘உள்ளே மாவு’ என்று கதவில் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள், காலையில் கணவர் எதையாவது சுட வைக்கிறேன் என்று ஓவனை முடுக்கிவிடப் போகிறார்.