ஜிடிஐ ஆசைக்கு ஓர் ஐந்தொகை

தம்பி,

உங்கள் கேள்வியைக் காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். கேள்வி இதுதானே: சொந்த ஊர் தேவகோட்டை, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து 4 மாதம், வேலை நிலையாகிவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ மேல் ஆசை, சின்னக் காரில் வலுவான எஞ்சின் வைத்த ரகம். ஊரில் 53 லட்சம் சொன்ன வண்டி அங்கே மூன்று வருடப் பழசாக இருபத்துச் சொச்சம் ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கிறது. அப்பச்சியோ, பழைய டொயோட்டா ஒன்று போதும் என்கிறார். வாங்கலாமா, வாங்கினால் தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா?

நான் அதே நாட்டில் டார்பிக்கு வந்து 14 வருடம் ஆகிறது. 4 வருடமாக இந்த ரகத்தில் ஒன்று வைத்திருக்கிறேன்: 2 லிட்டர் டர்போ, ஆறு கியர், கையால் மாற்றுவது. வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றுதான் வரும்.

என் பதில்: வாங்குங்கள். இந்த வருடம் வேண்டாம். வாங்கும்போதும் நீங்கள் நினைத்திருப்பதைவிட ஒரு படி சின்ன வண்டியாக வாங்குங்கள்.

ஊரில் 53 லட்சம், அங்கே அதில் ஏறக்குறைய பாதி என்ற கணக்கில்தான் எல்லோரும் முதலில் விழுகிறோம். நானும் விழுந்தேன். நம் நாட்டுக்கு 2016-இல் போலோ ஜிடிஐ வந்தபோது மொத்தமே 99 வண்டிதான். 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது முதல் தவணை 150. கண்ணில் படாத பொருள் அங்கே தெருவுக்கு ஒன்று நிற்பதைப் பார்த்தால் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் வண்டியின் விலை நாள்வழியில் ஒரு வரி, அவ்வளவுதான். எங்கள் ஐயா இருந்தால் ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் சேர்ந்த முழுக் கணக்கு, போட்டுப் பார்க்காமல் சாவியைத் தொட விட்டிருக்க மாட்டார்.

முதல் பற்று இன்சூரன்ஸ். அங்கே இப்போது ஓடுகிற பெரும்பாலான கார்களை 1 முதல் 50 வரை குழு பிரித்து வைத்திருக்கிறார்கள். சாதாரண சின்ன கார்கள் கீழே, இந்த ரகம் மேலே. உங்கள் பெயரில் அந்த நாட்டில் விபத்தில்லாத வருடம் ஒன்றுகூட இல்லை. ஊரில் பத்து வருடம் கீறல் இல்லாமல் ஓட்டியதைப் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் வந்த இரண்டாம் வருடம் இப்படி ஒரு வண்டிக்கு விசாரித்தபோது ஒரு கம்பெனி வருடத்துக்கு 2,400 பவுண்டு என்றது. இன்னொன்று விலையே சொல்லவில்லை. நான் பார்த்து வைத்திருந்த பழைய வண்டியின் விலையே 7,000 பவுண்டுதான். அதனால் வண்டியைப் பார்க்கப் போகும் முன் அதன் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் விலையைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் சைலன்சரையோ எஞ்சின் மென்பொருளையோ மாற்றியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆபத்து நேரத்தில் பாலிசி செல்லாமல் போகும்.

இரண்டாவது லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுதி அவர்களுடைய லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும், இப்போதே வேலையைத் தொடங்குங்கள். பாஸான முதல் இரண்டு வருடத்தில் 6 அபராதப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி முதலிலிருந்து தேர்வு. வேக மீறல் ஒன்றுக்குக் குறைந்தது 3 புள்ளி, 100 பவுண்டு அபராதம். கொஞ்சம் மீறியிருந்தால் பாடம் கேட்க அனுப்பிப் புள்ளியை விட்டுவிடுவதும் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். இரண்டு தடவை கேமராவில் விழுந்தால் கதை முடிந்தது. இந்த வண்டிகளில் இரண்டாவது கியர் முடிவதற்குள் சட்டம் முடிந்துவிடும். வேல்ஸ் பக்கம் போனால் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பொதுவாக 20 மைல்தான், அதாவது 32 கிலோமீட்டர். நம் ஊர் டவுன் பஸ் அதைவிட வேகமாகப் போகும்.

சாலை வரியில் ஒரு கண்ணி இருக்கிறது, பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இரண்டாவது வருடத்திலிருந்து ஐந்து வருடம் கூடுதல் வரி உண்டு. 2025-26-இல் சாதாரண வரி 195 பவுண்டு, கூடுதல் 425. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை. முதல் சொந்தக்காரர் கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரமும் போட்டு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், அவர் ஆசைக்கு நீங்கள் கட்ட வேண்டும்.

சரி, பற்று போதும். வரவைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன்.

டார்பியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆட்டு மந்தையும் பனியும் மட்டும் இருக்கிற நேரம், ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே போகிற ஸ்நேக் பாஸ் சாலையில் ஏறுவேன். வேகம் ஒன்றும் பெரிதில்லை. 45 மைலில் மூன்றாவது கியரில் வளைவுக்குள் விட்டு, பாதியில் மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் மூக்கு வெளியே ஓடாமல் உள்ளே திரும்பும். முன் சக்கரத்திலேயே சக்தி எல்லாம் இருக்கிற வண்டி, நியாயப்படி எதிர்ப்பக்கம்தான் வழுக்க வேண்டும். எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். சாதாரண டிஃபரன்ஷியல் பிடிப்பில்லாத உள்சக்கரத்தில் சக்தியை வீணாகச் சுற்றவிடும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அதைப் பிடித்து வெளிச்சக்கரத்துக்கு மாற்றிவிடும், அந்தச் சக்கரம் வண்டியை வளைவுக்குள் இழுக்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டைத் திருப்புவது போலத்தான். ஆனால் ஈரத்தில், ரவுண்டானாவிலிருந்து வெளியே வரும்போது அவசரப்பட்டு மிதித்தால் ஸ்டியரிங் கையை விட்டு இழுக்கும் பாருங்கள், அப்போது அது சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளை.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி வாரம் முழுக்கச் சகித்துக்கொள்கிறோம். சகிப்பது என்றால் எப்படி?

போன வருடம் ஆத்தா ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். முன் சீட்டில் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மேடு இருக்கும், வளைவில் உடம்பு சரியாமல் இருக்க. அதில் புடவையோடு ஏறுவதும் ஒன்று, கிணற்றில் இறங்குவதும் ஒன்று. இறங்கும்போது கதவைப் பிடித்து, மேட்டைத் தாண்டி, ஒரு காலை வெளியே வைத்து, "என்னை ஒரு தூக்குத் தூக்கப்பா" என்பார்கள். டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "முருகா". அன்றிலிருந்து சஸ்பென்ஷனை மெத்தென்று வைத்து, ஸ்டியரிங்கை மட்டும் இறுக்கி, தனியாக ஒரு அமைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்கு ஆத்தா மோடு என்று பெயர். வண்டி பார்க்கும்போது சஸ்பென்ஷனை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய கோல்ஃப் என்றால் வெப்பத்தையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற தொடுபட்டையையும் இருட்டில் தடவிப் பாருங்கள். எட்டாம் தலைமுறை வந்தபோது அதற்கு விளக்கு கிடையாது, 2024 மாற்றத்தில்தான் வந்தது.

அடுத்தது டயர். இங்கே மச்சானின் ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு திருமயம் வரை போய் வந்தேன். அதில் 165/80 ஆர்14 டயர். பக்கச்சுவரின் உயரம் 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். என் வண்டியில் 235/35 ஆர்19, கணக்குப் போட்டால் 82 மில்லிமீட்டர். அந்த 50 மில்லிமீட்டர் ரப்பர்தான் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் நிற்கிற பஞ்சாயத்துக்காரர். இங்கிலாந்துச் சாலையில் பள்ளமே இருக்காது என்று நினைத்து வந்தவன் நான். ஒரு பிப்ரவரி மாலை, தண்ணீர் தேங்கி நின்றதால் ஆழம் தெரியவில்லை, டமார் என்று ஒரு சத்தம். பக்கச்சுவர் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து அதன் நடுவில் கிழிந்திருந்தது. ஸ்டெப்னி கிடையாது. இந்த ரகத்தில் பலவற்றில் அதற்குப் பதில் ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கும் பொட்டியும்தான் கொடுக்கிறார்கள். ஆணி குத்தினால் பசை அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. மழையில் மூன்று மணி நேரம் நின்றேன். ஆகவே ஒரே வண்டியில் 18, 19 அங்குலச் சக்கரம் இரண்டும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு 18 எடுங்கள். பார்க்க 19 அழகு. பள்ளத்துக்கு அழகு தெரியாது.

பெட்ரோல் பற்றிப் பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் 70 மைலில் நிதானமாகப் போனால் கேலனுக்கு 38 மைல் வருகிறது, நம் கணக்கில் லிட்டருக்கு 13 கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிற இரண்டு மைல் ஓட்டத்தில் அதுவே 9 ஆகும். வண்டியின் கையேடு உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்டால் அதையே போடுங்கள்.

சாவியைப் பற்றி ஒன்று. பொத்தானை அமுக்காமலே கதவு திறக்கிற வண்டி என்றால், திருடர்கள் இருவர் வருவார்கள். ஒருவன் வீட்டு வாசலில் கருவியைப் பிடித்து உள்ளே இருக்கும் சாவியின் அலையை வாங்கி வண்டிப் பக்கம் நிற்பவனுக்கு அனுப்புவான், சத்தமில்லாமல் வண்டி போய்விடும். மனைவி சாவியை எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு மூடினாள். சம்புடத்தைக் கதவோரம் பிடித்துப் பார்த்தோம், திறக்கவில்லை. மூடி சரியாக உட்காராத அன்று திறந்துகொண்டது. இப்போது அலையைத் தடுக்கிற பை வாங்கி, அதைச் சம்புடத்துக்குள் வைக்கிறோம். ஸ்டியரிங்குக்குக் குறுக்கே இரும்புப் பூட்டும் உண்டு.

இன்னொரு சந்தோஷம், இது என்ன இருந்தாலும் ஐந்து கதவு ஹேட்ச்பேக். பின் சீட்டை மடக்கினால் 20 கிலோ அரிசி மூட்டை நான்கு, ஒரு கிரைண்டர், பிள்ளையின் சைக்கிள் எல்லாம் போகும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய நண்பர் ஒருவர் மாதச் சாமானுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்.

ஒரு படி சின்னது என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரைத்திறன்தான், எடை சுமார் 800 கிலோ. 5,000 வண்டி போனால் போதும் என்று தொடங்கினார்கள், அந்தத் தலைமுறையிலேயே 4 லட்சத்துக்கு மேல் போனது. இப்போதையது 265 குதிரைத்திறன். அதைச் சட்டத்துக்குள் முழுதாக மிதிக்க அங்கே சாலை இல்லை. மலைப்பாதைகளில் நல்லதான கேட் அண்ட் ஃபிடில் சாலையில் 50 மைல் வரம்பும், இடத்துக்கு இடம் சராசரி வேகம் அளக்கும் கேமராவும் வைத்துவிட்டார்கள். 200 குதிரைத்திறனில் இருக்கும் சின்ன வண்டிகளில் அதே வேகத்தில் வேலை அதிகம், சிரிப்பும் அதிகம். ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி மூன்று சிலிண்டர், 200 குதிரைத்திறன். ஃபியஸ்டா உற்பத்தியே 2023-இல் நின்றுவிட்டது. ஹூண்டாய் ‘ஐ20 என்’ (i20 N) 204 குதிரைத்திறன், 1,200 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவில் அதையும் 2024-இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டும் இனிப் பழசாகத்தான் கிடைக்கும். ஐ20 என்றதும் உங்கள் அப்பச்சி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டு முழுக்க நிற்கிற வண்டியை வாங்கவா சீமைக்குப் போனாய் என்று கேட்பார். நம் ஊருடையது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்தது, அது துருக்கியில் செய்தது, எஞ்சினே வேறு என்று சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்.

அதுவரைக்கும் அப்பச்சி சொன்ன டொயோட்டாவையே ஒரு 3,000 பவுண்டுக்குள் எடுத்து ஓட்டுங்கள். இரண்டு குளிர்காலம், கையில் அந்த ஊர் லைசென்ஸ், இரண்டு வருட விபத்தில்லாக் கணக்கு. அப்போது அதே ஐ20 என்னுக்கு இன்சூரன்ஸ் விலை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்த வாரம் டார்பி திரும்பிவிடுவேன். ஒரு ஞாயிறு காலை வாருங்கள், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங் தர மாட்டேன், இன்சூரன்ஸில் நானும் மனைவியும்தான் இருக்கிறோம்.

உங்கள் வீட்டில் ஏதாவது கொடுத்து அனுப்புவதாக இருந்தால் வியாழனுக்குள் சொல்லச் சொல்லுங்கள், தேவகோட்டை பக்கம்தானே, நானே போய் வாங்கிக்கொள்கிறேன். 5 கிலோவுக்குள் இருக்கட்டும். சீப்புச் சீடை, தேன்குழல் என்றால் சரி. நெய், பால்கோவா வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாய் என்றால் பாட்டிலை இரண்டு கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். போன தடவை ஒரு தம்பிக்குக் கொண்டு போன மாவடுவில் என் கல்யாணச் சட்டை நனைந்துவிட்டது.