நவீன மொழியும் நவீன அரிசி ஆலையும்

கேள்வி: மகள் இந்த முறை உயர்தரம் கலைப்பிரிவில் எழுதியிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதோடு சேர்த்து வரலாறு எடுப்பதா, நவீன மொழி ஒன்று எடுப்பதா என்று வீட்டில் பெரிய சண்டை. தகப்பன் வரலாறு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: 'நவீன' என்று எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். சின்ன வயதில் அப்பாவோடு நெல்லுக் குத்தப் போன ஆலையின் பெயர் 'நவீன அரிசி ஆலை'. அதன் இயந்திரம் ஆலைக்காரரின் தகப்பனுக்கே மூப்பு. வார் அறுந்தால் சைக்கிள் டியூப்பால் கட்டுவார்கள். அரிசி பாதி, குறுநல் பாதியாகக் கொட்டும். கேட்டால், "புது மெசின் தம்பி, பழக நாளெடுக்கும்" என்பார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, மெசினும் இல்லை. ஒற்றைச் சுவரில் 'நவீன' மட்டும் மிச்சம். அன்றிலிருந்து எந்தப் பலகையில் அந்தச் சொல்லைக் கண்டாலும் பின்பக்கம் போய் ஒருக்கால் எட்டிப் பார்ப்பேன்.

பல்கலைக்கழகத்துக்காரரின் 'நவீன'வுக்குப் பொருள் வேறு. கிரேக்கம், லத்தீன் போலப் புத்தகத்தில் மட்டும் இல்லாமல் இன்றைக்கும் ஆட்கள் பேசுகிற மொழி, அவ்வளவுதான். அப்படியானால் தமிழை எங்கே வைப்பார்கள்? 2004 இல் இந்தியா செம்மொழி என்று பட்டம் கொடுத்தது. அதே மொழியில்தான் நேற்று மாங்குளம் சந்தையில் பூசணிக்காய்க்குப் பேரம் பேசினேன். சரி, இது என் பழைய வியாதி. விடுகிறேன்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு முந்நூறு வயது. 1724 இல் இங்கிலாந்தின் முதலாம் ஜோர்ஜ் மன்னர் ஒக்ஸ்போர்ட்டிலும் கேம்பிரிட்ஜிலும் நவீன வரலாற்றுக்கு ஒவ்வொரு பேராசிரியரை நியமித்தார். தூதுவர் வேலைக்குப் பொடியன்களைத் தயார்படுத்துவதுதான் நோக்கம். பேராசிரியர் தன் சம்பளத்திலிருந்தே மொழி வாத்திமாரை வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பதும் கட்டளை. 1768 இல் கேம்பிரிட்ஜின் அந்தக் கதிரைக்கு வந்த கவிஞர் தோமஸ் கிரே, 1771 இல் சாகும்வரை ஒரு விரிவுரைகூடச் செய்யவில்லை. (எங்கள் பக்கத்து டியூட்டரி ஒன்றை நினைத்துச் சிரிக்கிறவர்கள் வெளியே போய்ச் சிரிக்கவும்.) சர்வதேச உறவுகளுக்கென்று தனிப் பேராசிரியர் வந்தது 1919 இல், முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில். வரலாறும் மொழியும் தாய் தகப்பன், உங்கள் மகளின் பாடம் கடைக்குட்டி.

எனக்குப் பக்கம் உண்டு. மொழி. 1638 இல் மட்டக்களப்பில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் உடன்படிக்கை எழுதினார்கள். போர்த்துக்கேயரிடம் பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது 'அரசன் விரும்பினால்' மட்டும் என்று அரசன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்தச் சொற்களைக் காணவில்லை. 1640 இல் காலியைப் பிடித்தவர்கள் அதை அரசனிடம் கொடுக்கவுமில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களவர் இன்றைக்கும் சொல்வார்கள். அரசனின் பக்கத்தில் ஒல்லாந்தம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெட்டை இருந்திருந்தால்?

இரண்டு பிரதி விவகாரம் 1638 உடன் முடியவில்லை. நாடாளுமன்றம் போடுகிற சட்டம் எதையாவது எடுத்துக் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். 13 ஆம் திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. ஆனாலும் காணி அலுவலாகச் சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசிப்பிக்க ஆள் தேடி ஊர் முழுக்க அலைகிறோம். ஆகவே மகள் பிரெஞ்சு படிக்கட்டும், நல்லது. அதற்கு முன்னால் சிங்களம் படிக்கட்டும். இதை எழுதினால் திட்டிக் கடிதம் வரும் என்று தெரியும். போனமுறை பதினொன்று வந்தது.

தகப்பனாரும் கோபிக்கக்கூடாது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுக் கல்லிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கப்டன் வொன் டிரிபேர்க் 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. வன்னியன் கண்டியோடு சேர்ந்து பிரித்தானியருக்கு எதிராக நின்றவன். அவனைத் தோற்கடித்த பிரித்தானியக் கப்டனுக்கோ ஜெர்மன் பெயர். அந்தப் பாடத்துக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கல்லில் 'தோற்கடித்தான்' என்றுதான் இருக்கிறது, 'கொன்றான்' என்று இல்லை. இதை இந்தப் பக்கத்தில் எழுதியதற்காக ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் சந்தாவை நிறுத்தினார். இப்போது பக்கத்து வீட்டுப் பிரதியை இரவல் வாங்கித் திட்டுகிறார்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் இருக்கிறது, களனியில் நவீன மொழிகளுக்குத் துறையே இருக்கிறது. மிச்சத்தை வெட்டுப்புள்ளி சொல்லும். மகள் சிங்களம் வாசிக்கப் பழகினதும் எங்கள் கந்தோர்ப் பக்கம் ஒருக்கால் அனுப்பிவிடுங்கள். மூன்று கிழமையாக ஒரு கடிதம் மேசையில் கிடக்கிறது. கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறார்கள்.