ஆடி மாதமும் ஹாக்கி மட்டையும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரையும் போல அவனுக்கும் ஹாக்கி என்றால் உயிர். குறுவட்டப் போட்டிக்கான அணியில் அவன் பெயர் வரவில்லை. "ஆள் சின்னவன், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார் பி.டி. மாஸ்டர். ஜூலை 28இல் பிறந்தவன், வகுப்பிலேயே கடைக்குட்டி. ஆடியில் பிறந்தால் அப்படித்தான் என்கிறார் மாமியார். போதாக்குறைக்கு, பிறந்த மாதத்துக்கும் விளையாட்டில் முன்னுக்கு வருவதற்கும் தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சிகளே சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் ஆராய்ச்சியும் ஜோசியமும் ஒன்றுதானா? சான்றிதழில் ஒரு வயதைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் வேறு சொல்கிறார்.

ம., கோவில்பட்டி

*

அன்புள்ள ம.,

நீங்கள் படித்தது உண்மைதான். அது தொடங்கியது கனடாவில். ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவர் மனைவி பாலாவும் 1980களில் அங்கே ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். வீரர்களின் விவரம் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பாலாவின் கண்ணில் பிறந்த தேதிகள் பட்டன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வந்தன. பார்ன்ஸ்லி மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தார். 1985இல் அது கட்டுரையாக வந்தது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீகில், வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தார்கள். இளையோர் அணிகளில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

காரணம் சாதாரணமானது. அங்கே வயதுப் பிரிவுக்கான கோடு ஜனவரி 1. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதுப் பையன்களுக்குள் ஒரு வருட வித்தியாசம் என்றால் உயரம், எடை, ஓட்டம் எல்லாமே வேறு. தேர்வாளர் வளர்ந்த பையனைப் பார்த்துத் திறமை என்று நினைத்துவிடுகிறார். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார், ஆட்டங்கள் கூடுகின்றன. நாலு வருடத்தில் அவன் நிஜமாகவே கெட்டிக்காரனாகிவிடுகிறான். விட்டுப்போனவன் மட்டையைப் பரண்மேல் போட்டுவிடுகிறான்.

ஜோசியமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே இளையோர் கால்பந்தில் ஆகஸ்ட் 1 தான் கோடாக இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்த பையன்கள் அணிகளில் அதிகம். 1997இல் கோட்டை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதிர்ஷ்டமும் கூடவே இடம் மாறியது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் கூடினார்கள், ஆகஸ்ட்காரர்களின் செல்வாக்கு போயிற்று. கிரகங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, சங்கத்தின் விதி மட்டும் மாறியது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

வகுப்பறையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பள்ளிச் சேர்க்கைக்குச் செப்டம்பர் 1ஐக் கோடாக வைத்துள்ள மாநிலங்களின் குழந்தைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. கவனச்சிதறல் கோளாறு என்று மருத்துவர்கள் முடிவு செய்த குழந்தைகள், ஆகஸ்டில் பிறந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 85 பேர், செப்டம்பரில் பிறந்தவர்களில் 64 பேர். ஆகஸ்ட்காரர்கள் அந்த வகுப்பின் கடைக்குட்டிகள். கொஞ்சம் சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டதற்கு மருத்துவப் பெயர் கிடைத்துவிடுகிறது. எனக்கு விளையாட்டைவிட இதுதான் அதிகக் கவலை தருகிறது.

சரி, உங்கள் பையன் விஷயம். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நம்மிடம் ஜூலை 31 கணக்கு. நான்கு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வகுப்பில் மூத்தவனாக இருந்திருப்பான். ஆனால் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜனவரி 1 கணக்கு. அங்கே அவன் கடைக்குட்டி அல்ல, அவனுக்குப் பின்னால் அக்டோபர், நவம்பர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனுக்கு இப்போது 11 வயது இருக்கும். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில், 13 முடிந்த பையன்களோடு மோத வேண்டும். ஆகவே மாஸ்டர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பிரிவில் ஆட அவனுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

ஆனால் அடுத்த வருடமும் "சின்னவன்" என்றே கண்ணில் படுவானே என்றால், அதற்கு நெதர்லாந்தில் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். டேவிட் மான் என்பவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 2017இல் வெளியிட்டது. கால்பந்துத் தேர்வாளர்களைச் சிறுவர்கள் ஆடும் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். வயது தெரியாதபோது மூத்த பையன்களுக்கே முன்னுரிமை போயிற்று. பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தும் அதேதான். கடைசியில் வயது வரிசைப்படி ஜெர்சி எண் கொடுத்து, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லியும் வைத்தார்கள். சாய்வு மறைந்துவிட்டது. பட்டியல் கையில் இருந்தால் பார்க்க மாட்டார்கள், முதுகில் இருந்தால் பார்த்துத்தானே ஆகவேண்டும்! காசு செலவில்லாத வேலை. நம் பள்ளி மைதானங்களில் நாளைக்கே செய்யலாம்.

நம் ஊரில் முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்க, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் சேர்க்கை. பிறந்த தேதியைத் தலைமையாசிரியர் மே, ஜூனில் எங்காவது போட்டுக்கொள்வார். இதைக் கேலி பேசுகிறோம். ஆனால் அது தேதியை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியைப் பார்த்த முறை. இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகள் சில, வளர்ந்தபின் எட்டப்போகும் உயரத்தில் 85 முதல் 90 சதவீதத்தைத் தொட்ட சிறுவர்களை ஒன்றாக ஆடவிட்டுப் பார்த்தன. காதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கனடாவிலிருந்து தேசிய ஹாக்கி லீகுக்கு எடுக்கப்பட்டவர்களை 2013இல் ஆராய்ந்தபோது, வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் 400 ஆட்டம் போன்ற இலக்குகளை எட்டும் வாய்ப்பு, முதல் காலாண்டுக்காரர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இதைப் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அத்தனை வடிகட்டலையும் தாண்டி வந்தவர்களின் கணக்கு. நடுவில் விட்டுப்போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சான்றிதழில் கைவைக்க வேண்டாம். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பதே இந்தத் திருட்டுக்காகத்தான். மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்கட்டும். வயதைக் குறைத்துக்கொண்டு வரும் ஒவ்வொருவனும் வெளியே தள்ளுவது உங்கள் பையனைப் போன்ற ஒருவனைத்தான்.

மாஸ்டரைப் பார்த்தால் அணியில் இடம் கேட்காதீர்கள். அணிக்கு எடுத்தவர்களுக்குத் தினமும் நடக்கும் பயிற்சியில் இவனையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சின்னவன் இழப்பது அந்த ஒரு போட்டியை அல்ல, அதற்காக மற்றவர்கள் மைதானத்தில் செலவிடும் மாதங்களை. அவர் சம்மதித்தால் அடுத்த ஜூனில் எழுதுங்கள்.