முகவாய் ஒருபக்கம் போகிறதா? நீலகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 2 வருடமாக முகவாய் இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே பக்கம் மெல்வதால்தான் என்கிறார் மாமியார். (கோத்தகிரி வாசகி)

பதில்: ஒரே பக்கம் மென்றால் கன்னத்துச் சதை கொஞ்சம் தடிக்கலாம். முகவாய் இப்படி நகர்ந்துகொண்டே போகாது. பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. இடப்பக்கம் திரும்பினால் பெரும்பாலும் கோளாறு வலப்பக்கம்தான். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் ஒரு குமிழ் அசையும். கீழ்த்தாடையின் அந்த முனை ஒருபக்கம் மட்டும் வளர்ந்தால், முகவாயை எதிர்ப்பக்கம் தள்ளும். பதின்வயதிலும் இருபதுகளிலும், அதிலும் பெண்களிடம், இதை அதிகம் பார்க்கிறோம்.

வருடாவருடம் எடுத்த பள்ளிக்கூடப் போட்டோக்களைத் தேடி எடுத்துப் போங்கள். எனக்கு ஸ்கேனுக்கு முன்னால் அவைதான் வேண்டும். அப்புறம் பல் அச்சு, சி.டி. ஸ்கேன், எலும்பு ஸ்கேன். எலும்பு ஸ்கேனில், ஊசியில் ஏற்றும் மருந்தை இரு குமிழ்களும் உறிஞ்சும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், வளர்ச்சி இன்னும் நிற்கவில்லை என்று சந்தேகிக்கலாம். மூட்டு அழற்சியும் அப்படிக் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: எனக்கும் முகவாய் கோணல். ஒரு டாக்டர் உடனே தாடை மூட்டில் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் முதலில் பல்லுக்குக் கிளிப் போடச் சொல்கிறார். தேயிலையைக் கவாத்து செய்தால் துளிர்ப்பதுபோல, வெட்டிய எலும்பும் வளர்ந்துவிடாதா? (கூடலூர், 22 வயது)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. வளர்ச்சி ஓடிக்கொண்டிருந்தால் குமிழின் மேல்முனையில் சுமார் 5 மி.மீ. எடுத்துவிடுவார்கள். வளரவைக்கும் குருத்தெலும்பே அதோடு போய்விடுவதால் பெரும்பாலும் மறுபடி வளராது. வளர்ச்சி தானாக நின்றிருந்தால் மூட்டைத் தொட வேண்டியதில்லை. பல மாதம் கிளிப் போட்டுப் பல்வரிசையைத் தயார்செய்து, கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தி டைட்டானியம் தகடு பொருத்துவார்கள். மேல்தாடையும் சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்து. ஆக, வளர்ச்சி நின்றதா என்று இருவரிடமும் கேளுங்கள். அது தெரியாமல் நேராக்கினால் மறுபடி கோணலாம்.

கேள்வி: கோவையில் இரண்டு தாடையிலும் ஆபரேஷன். குன்னூர் திரும்பும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: வாந்தியில். பற்களை ரப்பர் வளையம் பிடித்திருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் குமட்டினால் பயந்துவிடுவீர்கள். டாக்டரிடம் வாந்தி மாத்திரை கேளுங்கள். எந்த வளையத்தை வெட்டுவது என்று பழகி, கத்தரிக்கோலைக் கைப்பையில் வையுங்கள். முன்சீட்டில் உட்காருங்கள். குமட்டினால் குனியுங்கள், படுக்காதீர்கள். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். மூக்கைப் பிடித்து ஊதவே கூடாது, மேல்தாடை வெட்டு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் இன்னொன்று. கீழுதடு மரத்திருக்கும். வாரங்களோ மாதங்களோ ஆகும், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும்விடும். குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கும் நம் பழக்கத்தில் உதடு வெந்தாலும் தெரியாது. விரலால் சூடு பார்த்துக் குடியுங்கள். சுமார் 6 வாரம் மெல்லாத உணவுதான்: ராகிக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, வடிகட்டிய அவரை சூப்.

கேள்வி: 6 வயதில் விழுந்த மகனுக்கு இப்போது 9. வாய் சரியாகத் திறக்கவில்லை, முகவாய் வலப்பக்கம் சாய்கிறது.

பதில்: இது வேறு. அடிபட்ட வலமூட்டு ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் வளராமல் நின்றிருக்கலாம். இதற்குக் காத்திருக்காதீர்கள், இந்த மாதமே காட்டுங்கள்.